செயற்கை நுண்ணறிவு வாங்கச் சொல்கிறது பணிப்பாளர் சபை. பிசகினால் யார் பதில் சொல்வது?

ஊவாக்கொழுந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் ஊவா மாகாணத்தில், வெலிமடைப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையின் முகாமையாளராகப் பணிபுரிகிறேன். சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களிடம் பச்சைக்கொழுந்து வாங்குகிறோம். எங்களுக்கென்று ஒரு சிறிய தோட்டமும் இருக்கிறது. சென்ற மாதம் கூடிய பணிப்பாளர் சபை, அடுத்த ஆண்டுக்குள் நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்து, எதில் தொடங்குவது என்பதை என் தலையில் போட்டுவிட்டது. அந்தத் தீர்மானத்தில் 'எதற்காக' என்ற கேள்வி எங்கேயும் இல்லை என்பதைக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் கவனித்தேன்.

கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் மூன்று பொருட்களைக் காட்டினார். முதலாவது, சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பரப்பிய கொழுந்தைக் கமராவில் படம்பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருப்பது நூற்றுக்கு எத்தனை, முற்றிய இலை எத்தனை என்று சொல்லும். அந்த வீதத்தை வைத்துக் கொழுந்துக்கு விலை போடலாம் என்கிறார். இரண்டாவது, மழை, உரம், கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்) ஆகியவற்றின் பழைய பதிவுகளைக் கொண்டு அடுத்த மாத விளைச்சலைக் கணிக்கும். மூன்றாவது, கொழுந்து கொடுப்பவர்களும் தேயிலை வாங்குபவர்களும் வட்ஸ்அப்பில் கேட்பவற்றுக்குத் தானாகவே பதில் எழுதும்.

ஆகஸ்ட் மாதச் செயல்விளக்கத்தில் கமரா சொன்ன வீதமும், எங்கள் ஆட்கள் கையால் பிரித்து எண்ணிய வீதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சபையில் எல்லோருக்கும் திருப்தி. எனக்கோ, ஒரு கொழுந்துக்காரர் வந்து "என் கொழுந்து நல்ல கொழுந்துதான், ஏன் விலை குறைந்தது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பதுதான் உறுத்துகிறது. இத்தகைய வேலையில் இறங்கிய அனுபவம் உள்ளவர்கள், நன்றாகப் போனதையும் கெட்டுப்போனதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, நான் தலவாக்கலைப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் வெளிக்களத்தில் நின்று ஓய்வு பெற்றவன். கணினி விஷயம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வியை வாசித்ததும், நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் மின்தராசு வந்த காலம் நினைவுக்கு வந்தது.

அதற்கு முன்பு மலையில் தராசைத் தொங்கவிட்டுத்தான் நிறுப்போம். சாக்கின் எடைக்கும் கொழுந்தில் உள்ள தண்ணீருக்கும் ஒரு கழிவு உண்டு. எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவன் கையில் இருந்தது. அதில் அநியாயம் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே நடந்தது. ஒரு கிலோ குறைந்தால் முழுப் பெயர், அதாவது முழு நாள் சம்பளம், அரைப் பெயராகிவிடும் என்பது மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்தராசு வந்தபோது, இனிமேல் தகராறு இல்லை என்று பெண்களே சந்தோஷப்பட்டார்கள்.

நடந்தது வேறு. தராசைப் பொருத்திய கம்பனிக்காரர்கள், அலுவலகம் சொன்னபடி ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ தானாகக் கழியும்படி வைத்துவிட்டுப் போனார்கள். மழை நாளிலும் இரண்டு கிலோ, வெயில் நாளிலும் இரண்டு கிலோ. ஜனவரி மாதம், பனி விட்டு நன்றாக வெயில் ஏறிய நேரத்தில், ஓர் அம்மா தன் சாக்கை உதறிக் காட்டி, பிறகு அதை என் முன்னாலேயே இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. "எங்கே ஐயா அந்த ரெண்டு கிலோ?" என்று கேட்டார். நான் சொன்ன பதில்: "நான் கழிக்கவில்லை, மெஷின் கழிக்கிறது." அதையே ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அலுவலகத்தில் கேட்டால் கம்பனியைக் கேட்கச் சொன்னார்கள். கம்பனி, அலுவலகம் கொடுத்த எண்ணைத்தான் போட்டோம் என்றது. பழைய தராசின் காலத்தில் அந்த அம்மா என்னோடு சண்டையாவது பிடித்திருக்கலாம்.

இன்னொன்று. ஆகஸ்டில் செயல்விளக்கம் நடந்தது என்கிறீர்கள். ஆகஸ்டில் ஊவாவில் எப்படிக் காற்று வீசும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இலை காய்ந்து, தனித்தனியாகக் கிடக்கும். அந்தக் கமராவை வடகீழ்ப் பருவமழை இறங்கிய பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். நனைந்த இலை பளபளக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முற்றிய இலையின் மேல் இளங்கொழுந்து படிந்து கிடக்கும். அதைப் பார்த்தும் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.

பண்டாரவளைத் தரவுக்காரி எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன தராசு, செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லாத வெறும் தராசு. இருந்தும், எங்கள் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அதே வடிவத்தில்தான் நடக்கின்றன: ஒருவர் எங்கோ ஓர் அனுமானத்தை உள்ளே வைக்கிறார், பிறகு அது அனுமானம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகிறது. ஈர இலையைப் பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது தீர்க்க முடியாத குறை இல்லை. மழைக்காலத்தில் எடுத்த படங்களைப் போதிய அளவு சேர்த்துப் பயிற்றுவித்தால் கணிப்புத் தேறும். அதுவரை அந்தக் கணிப்பை விலையோடு முடிச்சுப் போடாமல் இருப்பதே நிர்வாகத்தின் கடமை.

இரண்டாவது பொருளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. விளைச்சலைக் கணிக்கும் மென்பொருள் உங்கள் பழைய பதிவுகளிலிருந்து கற்கும். அந்தப் பதிவுகளுக்குள் 2021, 2022 ஆகிய ஆண்டுகள் இருக்கின்றனவா? 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு இறங்கியது. மழை வழக்கம்போலப் பெய்தும் கொழுந்து குறைந்த அந்த மாதங்களை, காரணம் சொல்லாமல் மென்பொருளுக்குக் கொடுத்தால், அது மழைக்கும் கொழுந்துக்கும் உள்ள உறவையே தவறாகக் கற்றுக்கொள்ளும். அந்த ஆண்டுகளை அப்படியே நீக்கிவிட்டாலோ, அதிர்ச்சி என்ற ஒன்று நேரக்கூடும் என்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும். விற்பனையாளரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் தடுமாறினால் அதுவே உங்களுக்குப் பதில்.

அமெரிக்காவில் ஸில்லோ என்ற நிறுவனம், வீடுகளின் விலையைக் கணிக்கும் தன் மென்பொருளை நம்பி வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. சந்தை மாறிய வேகத்துக்குக் கணிப்பு ஈடுகொடுக்கவில்லை. 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பியது. அதே கணிப்பை ஒரு தகவலாக இணையத்தளத்தில் காட்டிய காலத்தில் பெரிய கேடு வரவில்லை. பணத்தை நேராக அதன் கையில் கொடுத்தபோதுதான் வந்தது.

செய்து பார்ப்பது எளிது. மூன்று மாதங்களுக்கு அந்த மென்பொருளின் கணிப்பை வாங்கி, உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். பக்கத்திலேயே இரண்டு எண்களை எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் அதே மாதத்தின் சராசரி, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் உங்கள் டீமேக்கர் தன் அனுபவத்தில் சொல்லும் எண். மாத முடிவில் மூன்றையும் உண்மையான கொழுந்துக் கணக்கோடு ஒப்பிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது எவ்வளவு பெறும் என்று தெரிந்துவிடும். சராசரியை வெல்ல முடியாத மென்பொருளை நான் என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றின் திரைக்காட்சிகள் மட்டும் மிகவும் அழகாக இருக்கும்.

எல்ல விடுதிக்காரர் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து நண்பரைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் எல்லவில் ஒன்பது அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதி நடத்துகிறேன். ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகளில் விசாரணைகள் வரும்; முன்பெல்லாம் விடியற்காலையில் எழுந்து பதில் எழுதினாலும், அதற்குள் பாதிப் பேர் வேறிடத்தில் பதிவு செய்திருப்பார்கள். இப்போது பதில் எழுதும் வேலையை முழுவதும் செயற்கை நுண்ணறிவே செய்கிறது. மூன்று மாத ஆய்வு, உறை, பூட்டு என்று இருந்திருந்தால் ஒரு பருவத்தையே இழந்திருப்பேன். சிறிய தொழில் செய்பவர்களுக்கு வேகம்தான் இருக்கும் ஒரே முதல்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புகையிரத நிலையத்திலிருந்து இலவசமாக அழைத்து வருவோம் என்று அது ஒருமுறை தானாகவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. அப்படியொரு வசதி எங்களிடம் இல்லை. அவர் நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தபோது, "அது கணினி எழுதியது" என்றுதான் நானும் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஐயாவின் பதிவை வாசித்தபோது அது கொஞ்சம் சுட்டது. வண்டிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், விஷயம் முடிந்தது.

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

விடுதிக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்தது நல்ல மனது மட்டுமன்று, நல்ல சட்ட உணர்வும்கூட. எயார் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த உரையாடல் மென்பொருள், குடும்பத்தில் ஒருவரை இழந்த பயணிக்கு, பயணத்துக்குப் பிறகும் துக்கக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்தின் முன் நிறுவனம், அந்த மென்பொருளின் சொல்லுக்குத் தான் பொறுப்பாக முடியாது என்ற தொனியில் வாதாடியது. 2024 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு, இணையத்தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, ஏறத்தாழ 800 கனேடிய டொலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. தொகை அற்பம். ஆனால் 'மெஷின் சொன்னது' என்ற வாதம் மன்றத்தில் நிற்காது என்பதை உலகத்துக்கே அது காட்டிவிட்டது. அது இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் நமது நீதிபதி ஒருவர் வேறுவிதமாக யோசிப்பார் என்று நான் எந்தக் கட்சிக்காரருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய பாகங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அதற்காக அதை மறந்துவிட வேண்டாம். தன்னியக்க முறையில் மட்டுமே எடுக்கப்பட்டு, ஒருவருடைய உரிமைகளில் மீள முடியாத, தொடர்ச்சியான பாதிப்பை உண்டாக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை அதில் இருக்கிறது. ஒரு நாள் கொழுந்து விலையை அந்த வரைவிலக்கணத்துக்குள் அடக்குவது கடினம் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும் எல்லை வரை மட்டும் போவேன் என்று இருக்கும் முகாமையாளர், மீளாய்வு கேட்டு வருபவரைத் தொழிற்சாலை வாசலில் சந்திப்பதற்குப் பதிலாகத் ஓர் அரச அலுவலகத்தில் சந்திக்க நேரும். வரவுக்குக் கைரேகை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். உயிரளவைத் தரவு விசேட வகைக்குள் வருவது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைப் பற்றி விற்பனையாளர்கள் பலவிதமாகப் பயம் காட்டுகிறார்கள். 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் வெலிமடைத் தொழிற்சாலையின் உள்விவகாரத்தில் நேரடியாக நுழையாது. ஆயினும் ஆட்சேர்ப்பு, வேலைப் பகிர்வு, ஊழியர் மதிப்பீடு ஆகியவற்றுக்கான மென்பொருட்களை அது உயர் ஆபத்துள்ள வகையில் வைத்திருப்பதையும், வேலைத்தலத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை முகம் பார்த்துக் கணிக்கும் மென்பொருட்களை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, 2025 பெப்ரவரி முதல் தடைசெய்திருப்பதையும் உங்கள் சபைக்கு வாசித்துக் காட்டலாம். எங்கே ஆபத்து அதிகம் என்று பிறர் யோசித்து வைத்த வரைபடம் அது.

டிக்கோயா மகள் எழுதியது:

ஆட்சேர்ப்பு என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். என் அம்மா கொழுந்து எடுத்தவர். நான் இப்போது ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்று எங்கள் மேலிடம் யோசித்தபோது, பரிசோதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

அமேசான் நிறுவனத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றுவித்த அவர்களுடைய மென்பொருள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதால், பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி போன்ற குறிப்புகளைக் கண்டாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற செய்தி 2018 ஒக்டோபரில் வெளிவந்தது. நான் அதைப் படித்துவிட்டு, நம் ஊரில் இந்தத் தவறு எந்த உருவத்தில் வரும் என்று யோசித்தேன். விலாசத்தின் உருவத்தில் வரும் என்று தோன்றியது.

தோட்டத்தில் பிறந்தவர்களுடைய விண்ணப்பத்தில் வீதியின் பெயரும் வீட்டு இலக்கமும் பெரும்பாலும் இருக்காது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தபால் நகரம், அவ்வளவுதான். ஒரே விண்ணப்பத்தை இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றில் என் அம்மாவின் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) விலாசத்தையும் மற்றொன்றில் கொழும்பு விலாசம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். படிப்பு, அனுபவம், பெயர் என எல்லாம் அப்படியே. லயத்து விலாசம் கீழே இறங்கியது. காரணம் கேட்டதற்கு, 'விலாசம் முழுமையற்றது' என்று மென்பொருள் கருதியிருக்கலாம் என்று விற்பனையாளர் எழுதினார். எத்தனையோ பேருடைய கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாக வந்து கைசேராமல் போன கதை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அப்படியொரு பரிசோதனையே தோன்றியது. எனவே பரிசோதிப்பவர் யார் என்பதைப் பணிப்பாளர் சபை விற்பனையாளரிடம் விடக்கூடாது. ஊவாக்கொழுந்து அண்ணா, உங்கள் கமராவைப் பரிசோதிக்க ஒரு கொழுந்துக்காரரையும் உட்காரவைப்பீர்களா?

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

தொழிற்சங்கத்திடம் பேசினீர்களா? இத்தனை பதிவுகளில் ஒருவரும் கேட்கவில்லை.

ஊவாக்கொழுந்து எழுதியது:

பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் பேசினேன். முதல் கேள்வியே, "இது ஆட்குறைப்புக்கா?" என்பதுதான். இல்லை என்று வாயால் சொன்னதை அவர்கள் எழுத்தில் கேட்டார்கள். சபைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில்தான், எதற்காக வாங்குகிறோம் என்பதை முதன்முறையாகச் சபை தனக்குள்ளேயே பேசியது என்று நினைக்கிறேன்.

வேறொன்றையும் கண்டுபிடித்தேன். நாங்கள் எதைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க, எங்கள் அலுவலக எழுதுநர் ஏழெட்டு மாதங்களாகத் தன் கைத்தொலைபேசியில் இலவச சாட்ஜிபிடியைக் கொண்டு வாங்குநர்களுக்கான ஆங்கிலக் கடிதங்களை எழுதி வந்திருக்கிறார். கடிதங்கள் உண்மையிலேயே மேம்பட்டிருந்தன, நானே பாராட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் விலைப்பட்டியலையும் இரண்டு வாங்குநர்களின் கொள்வனவு விவரத்தையும் அதற்குள் ஒட்டியிருக்கிறார்.

பண்டாரவளைத் தரவுக்காரி எழுதியது:

அவரைத் தண்டித்துவிடாதீர்கள். 2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியியலாளர்களே இரகசிய மென்பொருள் வரிகளை அப்படி ஒட்டி, நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போடும் நிலை வந்தது. வெறுமனே தடை போட்டால், அவர் அலுவலகத்துக்கு வெளியே போய் அதையே செய்வார். உங்களுக்குத் தெரியாமலும் போய்விடும். எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்று அரைப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். கொடுக்கும் தரவைப் பயிற்சிக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் உறுதி தரும் கட்டணச் சேவை ஒன்றை அவருக்கே வாங்கிக் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தில் இதைப் பற்றி உண்மையான அனுபவம் உள்ள ஒரே ஆள் இப்போதைக்கு அவர்தான்.

எல்ல விடுதிக்காரர் எழுதியது:

அந்த எழுதுநரைப் போன்றவர்களால்தான் தொழில் ஓடுகிறது என்று நானும் சொல்கிறேன். ஆனால் கமராவை விலையோடு இப்போதைக்கு இணைக்கவேண்டாம் என்பது சரியாகப் படவில்லை. நல்ல கொழுந்து கொண்டுவருபவருக்கும் முற்றிய இலையை அள்ளிக்கொண்டு வருபவருக்கும் ஒரே விலை கொடுப்பதும் அநியாயம்தானே? அதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் மனிதன் சொந்தக்காரனுக்கு ஒரு கண்ணாலும் மற்றவனுக்கு மறு கண்ணாலும் பார்க்கமாட்டானா?

பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

பார்ப்பான். பார்த்ததை நானும் கண்டிருக்கிறேன். ஆகவே கமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு சாக்கைக் குறைத்து மதிப்பிட்டால், அங்கேயே, லொறி புறப்படுவதற்கு முன்பே, அந்தப் பிடிக் கொழுந்தைத் திரும்பவும் பரப்பிக் கையால் பிரித்துப் பார்க்கும் உரிமை கொழுந்துக்காரருக்கு வேண்டும். கை எண்ணிக்கையும் கமராவும் வேறுபட்டால் அன்று கை எண்ணிக்கைதான் செல்லும், வேறுபாடு புத்தகத்தில் ஏறும். மாத முடிவில் அந்தப் புத்தகத்தைத் துரை, அதாவது முகாமையாளர், தானே வாசிக்க வேண்டும், எழுதுநரிடம் தள்ளிவிடக்கூடாது.

ஊவாக்கொழுந்து எழுதியது:

ஐயா சொன்ன புத்தகத்தைத் திறந்துவிட்டேன். விற்பனையாளருக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் ஈரக் கொழுந்துக்கு எந்த ஆகஸ்ட் படமும் உதவாது என்பதை இறுதியில் அவரே ஒப்புக்கொண்டார். விளைச்சல் கணிப்பு உறைக்குள் போகிறது. வட்ஸ்அப் பதில்களை அது வரைவாக மட்டும் எழுதும். வாசித்து அனுப்புவது எங்கள் எழுதுநர், அவருக்கு அதற்காகச் சிறிய கொடுப்பனவு ஒன்றையும் கேட்டிருக்கிறேன். கமரா மார்ச் முடியும் வரை விலையைத் தொடாது. அதன் பிறகு இணைப்பதா என்பதில் சபைக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது, எனக்குள்ளும்தான்.

டிக்கோயாத் தங்கை கேட்டபடி, பரிசோதனை மேசையில் இரண்டு கொழுந்துக்காரர்கள் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் முதல் நாளே ஒரு குறையைக் கண்டார்: கமராவின் விளக்கு மஞ்சள் நிறமாக இருப்பதால் இளங்கொழுந்தும் பழுத்த இலைபோலத் தெரிகிறதாம். விளக்கை மாற்றச் சொல்லியிருக்கிறேன். நிறுவைக் கொட்டகைச் சுவரில் என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். இன்று பிற்பகலுக்குள் மூன்று அழைப்புகள் வந்துவிட்டன, அவற்றில் இரண்டு உரத்தைப் பற்றியவை.

ஹக்கலைப் பக்கம் இப்போதே கறுத்துக்கொண்டு வருகிறது. இரவு மழை இறங்கினால், நாளைக் காலை லொறியிலிருந்து ஈரக் கொழுந்தின் முதல் இருபது பிடிகளைப் படம்பிடித்துவிடலாம்.